உப்பைப் போடச் சொன்னவர்

இதை எழுதவா விடவா என்று மூன்று வருசம் இழுபட்டேன். எழுத்து வராததால் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் கொப்பியில் நாலு வரி எழுதத் தெரியும். பயம்தான் காரணம். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி அவருக்குப் பிடிக்காததைச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று குர்ஆன் ஓதப் போன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோது எனக்குத் தைரியம் வரவில்லை. போன வருசம் அவர் மௌத்தான பிறகு, மண்ணுக்குள் போனவரைப் பற்றி எப்படி எழுதுவது என்ற பயம் வந்தது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் இருக்கிறேன்.

கடைசியில் எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். ஆள் யார் என்று சொல்லவில்லை, விசயத்தை மட்டும் சொன்னேன். அவர், ஒருவரின் தலையில் அநியாயமாக விழுந்த பழியை இறக்குவதற்கென்றால் சொல்லலாம், ஆனால் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்றார். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுதும்போது எனக்கு வருகிற அருவருப்பை மட்டும் என்னால் மறைக்க ஏலாது. அதை அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கிண்ணியாவில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அவரை 'சேர்' என்று கூப்பிட்டோம். அவர் படிப்பித்தவர் இல்லை. திருகோணமலை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் முப்பது வருசம் உதவியாளராக இருந்தவர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவது, ஆசிரியர் கேட்கிற அமிலத்தை எடுத்துக் கொடுப்பது, மணியடித்த பிறகு மேசையைத் துடைப்பது. நல்ல வேலை. ஹலாலான சம்பளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டது அவர் மட்டும்தான். பென்சன் எடுத்துக்கொண்டு ஊரோடு வந்ததிலிருந்து, யாராவது அண்ணன் முறைக்கு 'காக்கா' என்று கூப்பிட்டால் காது கேட்காதது போல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். 'சேர்' என்றால் உடனே திரும்புவார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகம் இல்லை. முதுகுக்குப் பின்னால் கோர்த்து வைத்த இரண்டு கைகள்தான் வரும். நடக்கும்போதும் அப்படித்தான், நிற்கும்போதும் அப்படித்தான். அந்தக் கைகள் முன்னால் வந்து ஒரு வேலை செய்ததை ஊரில் யாரும் கண்டதில்லை. சட்டைப் பையில் மூன்று பேனை குத்தியிருக்கும். தபால் கந்தோரில் படிவம் நிரப்ப வந்தால் பக்கத்தில் நிற்கிறவனிடம் படிவத்தைக் கொடுத்து, "எழுது, நான் சொல்லுறன்" என்பார். எழுதினவன் பெட்டி மாறி எழுதிவிட்டால், தான் சொன்னதுதான் மாறியது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அவரிடம் இருந்தது இரண்டே இரண்டு வசனம். வேலை தொடங்கும்போது, "நான் சொல்லுறன், நீ ஊத்து." வேலை கெட்டுப்போனால், "முறை சரி. கை பிழை."

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்யும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் ஒருமுறை நின்றுவிட்டது. என் மனைவியின் தம்பி, என் மச்சான், கொஞ்சம் வயர் வேலை தெரிந்தவன். திருத்தக் குந்தினான். இவர் எங்கிருந்தோ வந்து பின்னால் நின்றுகொண்டு, சிவப்பை இங்கே கொடு, கறுப்பை அங்கே கொடு என்று சொல்லத் தொடங்கினார். மச்சான் இரண்டு தடவை, அப்படிக் கொடுத்தால் எரியும் சேர் என்றான். கொடு என்றார். கொடுத்தான். மோட்டர் எரிந்தது. தொழுகைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, இவர் தொழுவிக்க வந்த ஹஸ்ரத்திடம் போய் முறை சரி என்றும் பொடியனின் கைதான் பிழை என்றும் சொல்லிவிட்டு, முன் வரிசையில் போய் நின்று தொழுதார். மச்சான் அன்றைக்குப் பேசாமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அவன் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை.

சரியாக வந்த வேலையும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். தேத்தண்ணிக் கடையில் ஒருநாள் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றச் சொன்னார். கடைக்காரர் ஊற்றினார். பப்பாசி இலைத் தண்டால் அதற்குள் ஊதச் சொன்னார். கடைக்காரர் ஊதினார். தண்ணீர் பால் போல வெளுத்தது. சோடாப் போத்தலில் வருகிற வாயுதான் எங்கள் மூச்சிலும் இருக்கிறது, அதுதான் சுண்ணாம்பு நீரை வெளுக்க வைக்கிறது என்று விளக்கினார். எல்லாரும் வியந்து போனோம். ஊற்றியதும் ஊதியதும் கடைக்காரர். அடுத்த நாள் முழுக்க அவர் சொல்லித் திரிந்தது, "நான் செய்த பரிசோதனை."

அவருடைய மனைவி நல்ல பெண். ஒருமுறை என் மனைவியிடம் சொன்னாராம், "பள்ளிக்கூடத்தில ஆயிரம் கோப்பை கழுவினவர்தான். வீட்டில முப்பது வருசமா தான் குடிச்ச கோப்பையக் கழுவல்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அவரோடு வேலை செய்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார். பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்த நாளில் ஏதாவது பரிசோதனை பிசகினால், நிற்கிற ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, உதவியாளரின் கை சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்களாம். இவர் மூலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். கேட்டபோது மனசு இளகத்தான் பார்த்தது. பிறகு யோசித்தேன். தனக்கு வலித்ததை இன்னொருவருக்குச் செய்யாமல் விடுகிற மனிதர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர் அந்த அநியாயத்தை ஒரு தொழில் போலப் பழகிக்கொண்டு வந்துவிட்டார்.

இனி என் மூத்த சகோதரியைச் சொல்ல வேண்டும். நாங்கள் ராத்தா என்போம். கட்டின மாப்பிள்ளை சின்ன வயதிலேயே மௌத்து. பிள்ளைகள் இல்லை. எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் தனியாக இருக்கிறார். அச்சாறு ஊறப்போட்டு விற்பார்: அம்பரெல்லா, அன்னாசி, மாங்காய், வெரளுக்காய். எண்ணெய் ஆலையில் வீணாகப் போகிற தேங்காய்த் தண்ணீரை வாங்கி வந்து வினாகிரியும் தானே புளிக்க வைப்பார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு குர்ஆன் ஓதிக் கொடுப்பார். அதற்குக் காசு வாங்கமாட்டார். நீளமான ஆயத்தையும் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஓதி முடிப்பார். நான் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வலையை உதறும்போது வேலிக்கு அப்பால் அந்தக் குரல் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் எனக்கு அன்றைய களைப்புத் தீர்கிற நேரம்.

எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வள்ளத்து எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. ஒரு மாதத்துக்கு மேல் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. குடாவுக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில் மலை மலையாக எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, இந்தப் பக்கம் நாங்கள் வெறும் எண்ணெய்க் கானோடு குந்தியிருக்கிறோம். அந்த வரிசையில்தான் இவர் தன் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

வினாகிரியிலிருந்து எரிகிற வாயு எடுக்கலாம் என்றார். வினாகிரியில் இருப்பது ஓர் அமிலம். அதற்கு ஒரு தலை, ஒரு வால். வாலில் கரியும் ஒட்சிசனும் இருக்கிறது. அப்பச்சோடா கொஞ்சம் போட்டு, இரண்டு கரிக்கோலை உள்ளே இறக்கிக் கரண்டைக் கொடுத்தால், நேர் முனையில் அந்த வால் அறுந்து சோடாப் போத்தல் வாயுவாகப் போய்விடும். மிச்சமுள்ள தலை தனியாக நிற்காது. பக்கத்துத் தலையோடு சேரும். இரண்டு தலை சேர்ந்தால் எரிகிற வாயு. "இது சின்னத் தலை, அதால வாயு. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தில இருக்கிறது பெரிய தலை. அதுக்குக் கரண்டு விட்டா டீசல் மாதிரி எண்ணெயே வரும்" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். மச்சான் மட்டும் கானின் மேல் குந்தியிருந்தபடி கேட்டான்:

"சேர், அவ்வளவு கரண்டு இருந்தா நான் ஏன் சேர் இந்த வெயிலுக்க நிக்கிறன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாட்களில் பாதி நாள் மின்சாரமே இல்லை. இவருக்கு முகம் கறுத்துவிட்டது. படிக்காதவனோடு கதைப்பது தன்னுடைய பிழை என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் நான் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் என்னைப் பிடித்தார். முதலில் வினாகிரியில் செய்து காட்டுவோம், பிறகு எடுக்கிற முதல் எண்ணெய் உன் வள்ளத்துக்குத்தான் என்றார். அன்று பின்னேரமே நான் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். வினாகிரி எங்கே எடுப்பது என்று அவர் கேட்டபோது, என் ராத்தாவின் வீட்டில் பானை பானையாக இருக்கிறது என்று சொன்னவனும் நான்தான்.

ஒரு சனிக்கிழமை காலை ராத்தாவின் வளவில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ராத்தா அகன்ற வாயுள்ள பெரிய அச்சாறுப் போத்தலைக் கழுவித் தந்தார். மூடியில் மூன்று ஓட்டை. இரண்டில் பழைய ரோச் லைற் பெற்றரியை உடைத்து எடுத்த கரிக்கோல்கள், மற்றதில் வாயு வருவதற்கு சேலைன் குழாய். கரண்டுக்கு ஒரு லொறி பெற்றரி. எல்லாவற்றையும் செய்தது நானும் ராத்தாவும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதம். குழாயின் நுனியில் வாயுவைக் கொளுத்திக் காட்ட வேண்டும், வெளியில் தீக்குச்சி நிற்கவில்லை. எனவே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் போகச் சொன்னார். சனத்தை வெளியில் நிற்கவிட்டு, யன்னலையும் கதவையும் சாத்தச் சொன்னார். உள்ளே மூன்று பேர். ராத்தா போத்தலுக்கு நேரே குந்தி மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயு கசியாமல் இருக்க அப்படிப் பிடிக்கச் சொன்னது அவர். நான் குழாயின் நுனியில் தீக்குச்சியோடு. அவர் கதவோடு ஒட்டி நின்றார்.

பெற்றரியைக் கொடுத்தோம். கரிக்கோல்களைச் சுற்றி ஊசிமுனை போலக் குமிழிகள், அவ்வளவுதான். குச்சியைக் காட்டினேன், பிடிக்கவில்லை. இன்னொன்று காட்டினேன். வெளியில் யாரோ, "வந்திட்டா சேர்?" என்று கேட்டார்கள். மச்சானின் குரல், "சோடா வேணுமெண்டா கடையில வாங்கித் தாறன், வெளியில வாங்க" என்றது. வெளியில் சிரிப்பு.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் போத்தலையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"கரண்டு ஓடுறது காணாது, கூட்டணும். ஒரு பிடி உப்புப் போடுங்க."

ராத்தா நிமிர்ந்து பார்த்தார். "உப்பா சேர்?"

"ஓம், உப்புத்தான். போடுங்க புள்ள, நேரம் போகுது."

அச்சாறுக்கு வைத்திருந்த உப்புச் சட்டி பக்கத்தில் இருந்தது. ராத்தா மூடியைக் கொஞ்சம் தூக்கி ஒரு பிடியைப் போட்டுவிட்டு, அவர் சொன்னபடியே திரும்ப அழுத்திப் பிடித்தார். இந்த மூன்று வசனத்தையும் என் இரண்டு காதாலும் கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

குமிழி பொங்கியது. அவர் முகம் மலர்ந்தது. வெளியில் கேட்கும்படி, "வருது, வருது" என்றார். "மூடிய விடாதீங்க" என்று ராத்தாவுக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்குக் குளோரீன் போடுவார்களே, அந்த மணம். போத்தலின் கழுத்தில் இலேசாகப் பச்சையும் மஞ்சளும் கலந்த புகை. முதலில் என் கண் எரிந்தது, பிறகு தொண்டை. கதவு திறந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை. நானும் ஓடினேன். வாசலைத் தாண்டி வளவுக்குள் விழுந்து இருமிக்கொண்டிருக்கும்போதுதான் ராத்தா வரவில்லை என்பது தெரிந்தது.

மச்சான் உடுத்திருந்த சாரத்தால் முகத்தை மூடிக்கொண்டு முதலில் உள்ளே போனான், நான் பின்னால். ராத்தா அதே இடத்தில் குந்தியிருந்தார். முகம் போத்தலுக்கு மேல் கவிழ்ந்திருந்தது. கைகள் மூடியில்தான் இருந்தன. சேர் விடச் சொல்லவில்லை, அதனால் விடவில்லை. இழுத்துக்கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார்.

அடுத்த நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் தூணோடு நின்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கவலையோடு, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்:

"முறை சரி. கை பிழை. அச்சாறு போடுற கைதானே, உப்புக்குப் போயிட்டுது. கரண்டு ஓடுற தண்ணிக்க உப்புப் போட்டா நச்சுவாயு வரும் எண்டு அந்தப் புள்ளைக்கு எங்க தெரியும்."

சிலர் சிரித்தார்கள். சிலர் இரக்கப்பட்டார்கள். எல்லாரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? எங்கள் பெண்கள் குசினியில் எதையாவது ஊற வைத்தால் கை தன்பாட்டில் உப்புச் சட்டிக்குத்தான் போகும். அந்தப் பொய்யை அவர் அவ்வளவு பொருத்தமாகத் தைத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை. நான் பேசமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அவரை ராத்தாவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். முதல் எண்ணெய் எனக்கு என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். உப்புப் போடச் சொன்னதைக் கேட்டேன் என்றால், கேட்டுக்கொண்டு நீ என்ன செய்தாய், ராத்தாவை விட்டுவிட்டு எப்படி ஓடினாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தூணோடு நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு ராத்தாவைப் பார்க்க என் மகளுக்கு இரசாயனம் படிப்பிக்கும் ரீச்சர் வந்தார். டவுனில் இருந்து வருகிற தமிழ்ப் பெண், அமைதியான ஆள். வெளியில் வாங்குப் பலகையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். சேர் சொன்ன எண்ணெய்க் கதை முழுக்கப் பொய் என்று ரீச்சர் சொல்ல வேண்டும் என்று என் மனசு ஆசைப்பட்டது. ரீச்சர் அப்படிச் சொல்லவில்லை.

அது உண்மையான முறை, பழைய முறை என்றார். வினாகிரி அமிலத்திலிருந்து நேர் முனையில் காபனீரொட்சைட்டு, அதுதான் சோடாப் போத்தல் வாயு, பிரிந்து போகும், மிச்சம் இரண்டிரண்டாகச் சேர்ந்து எதேன் என்ற எரிகிற வாயு வரும், மறுமுனையில் ஐதரசன் வரும். ஆனால் அதற்கு பிளாற்றினம் தகடு வேண்டும். ரோச் பெற்றரிக் கரிக்கோலில் அந்தச் சேர்க்கை பெரும்பாலும் நடக்காது, வேறு எதுவோ ஆகிப் போகும். அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்ந்தாலே நுரைக்கும், அதற்குக் கரண்டே தேவையில்லை, எனவே குமிழியைப் பார்த்து ஒன்றும் சொல்ல ஏலாது. எல்லாம் சரியாக நடந்தாலும் எடுக்கிற வாயுவில் இருக்கிற சக்தியை விடக் கொடுக்கிற மின்சாரம்தான் அதிகம். வரிசையில் மச்சான் கேட்ட கேள்வியைச் சொன்னேன். ரீச்சர் முதல்முறையாகச் சிரித்தார். "அவர்தான் சரியான கேள்வி கேட்டவர்" என்றார்.

உப்பைப் பற்றிக் கேட்டேன். ரீச்சரின் சிரிப்பு நின்றது. உப்பு நீருக்குக் கரண்டைக் கொடுத்தால் நேர் முனையில் குளோரீன் வரும், அது பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பிள்ளைகளுக்கே படிப்பிக்கிற விசயம் என்றார். ஆய்வுகூடத்தில் முப்பது வருசம் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டேன். "அதச் செய்து காட்டிற நாளில யன்னலெல்லாம் திறந்து வைக்கிறதே உதவியாளர்ட வேலைதான் அண்ணா" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு சேர் மேல் கோபம் இல்லை. கோபத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இது வேறு. வெளியில் நிற்கிற பத்துப் பதினைந்து பேர் சிரிக்கிறார்கள் என்பதற்காக, தெரிந்த நஞ்சைத் தெரிந்துகொண்டே ஒரு பெண்ணின் முகத்துக்குக் கீழே பொங்க வைத்து, தான் கதவோடு நின்ற மனிதன்.

ராத்தா வீடு வந்தார். பழைய மூச்சு திரும்பி வரவில்லை. நாலு அடி நடந்தால் சுவரைப் பிடிப்பார். அஸருக்குப் பிள்ளைகள் வந்து குந்துவார்கள். ராத்தா ஓதத் தொடங்கி நடுவில் நிறுத்துவார், இருமுவார், திரும்பத் தொடங்குவார். பிள்ளைகள் விரலை எழுத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சின்ன ஆயத்துக்கே மூன்று இடத்தில் மூச்சு விட வேண்டியிருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டு, பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்புங்கள் என்று தாய்மாரிடம் ராத்தாவே சொல்லிவிட்டார். அச்சாறு மட்டும் போடுகிறார், முன்பு போட்டதில் பாதி.

அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் உப்புக் கதையைத்தான் சொன்னார்கள். கை மறந்து போட்டாய் என்றார்கள், வேணுமென்றா செய்தாய் என்று ஆறுதல் சொன்னார்கள். முதலில் ராத்தா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மயங்கி விழுந்த நாள் அவருக்குத் தெளிவாக நினைவில் இல்லை. போகப் போக அவரே சொல்லத் தொடங்கினார்: "என்ர கைதானே. நான்தானே போட்டன்." தம்பிக்கும் நஞ்சு பட்டிருக்கும், சேருக்கும் பட்டிருக்கும், அல்லாஹ்தான் காப்பாற்றினான் என்று என்னிடமே அழுதார். நான் குடிக்கத் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலி தாண்டி வந்துவிட்டேன்.

போன வருசம் சேர் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். ராத்தா என்னிடம், மன்னிப்புக் கேட்க வேண்டும், கூட்டிக்கொண்டு போ என்றார். நான் இரண்டு வாரம் சாட்டுச் சொல்லி இழுத்தேன். கடைசியில் ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ராத்தா படியேற முடியாமல் நின்று நின்று ஏறினார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து மூச்சை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"சேர், அண்டைக்கு என்ர கையால நடந்த பிழை. உங்கட பேரும் கெட்டுப்போச்சு. என்னப் பொறுத்துக்கொள்ளுங்க."

அந்த ஆளுக்கு நல்ல அறிவு இருந்தது. எல்லாரையும் அடையாளம் தெரிந்தது. ஒரு வசனம் போதும். கபுருக்குள் கொண்டுபோகிற சுமையை அந்த இடத்திலேயே இறக்கியிருக்கலாம். அவர் ராத்தாவைப் பார்த்து, கண்ணை மூடித் திறந்து, "பரவாயில்ல புள்ள. தெரியாம நடந்தது. நான் மன்னிச்சிட்டன்" என்றார்.

மன்னித்துவிட்டாராம்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற அவருடைய மனைவி என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவோ தெரிந்திருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் கோப்பையை எடுத்துக் குடித்தேன். அந்த வீட்டுத் தேத்தண்ணி என் தொண்டையால் இறங்கியது என்பதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிப்பதில்லை. ராத்தா மட்டும் இலேசாகிப்போன முகத்தோடு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லிப் படியிறங்கினார்.

ஒன்பதாம் நாள் சேர் மௌத். ஜனாஸா தொழுகைக்கு முன் இவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கப்பட்டபோது எல்லாரும் நல்லவர் என்றார்கள். என் உதடும் அசைந்தது. மையவாடியில் மண் போட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் ஒருவர், அந்தப் பெண் மட்டும் உப்பைப் போடாமல் இருந்திருந்தால் இந்த மனிதர் எங்களுக்கு எண்ணெயே எடுத்துத் தந்திருப்பார் என்றார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். மச்சான்கூட வாயை மூடிக்கொண்டு நின்றான். அவனும் அதை நம்பியிருக்கிறான். எனக்குள் எதுவோ அறுந்தது. மண் ஒட்டிய காலோடு நேரே ராத்தாவின் வீட்டுக்குப் போனேன்.

ராத்தா மாங்காய் சீவிக்கொண்டிருந்தார். உட்காரவும் இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"ராத்தா, உப்பப் போடச் சொன்னது அவர். நான் கேட்டனான். நீங்க 'உப்பா சேர்' எண்டு கேட்டீங்க. அவர் ஓம் எண்டார். அதுக்கு மறுகாதான் போட்டீங்க."

ராத்தா கத்தியை வைத்தார்.

"எனக்கு அப்பிடி நினைவில்ல தம்பி."

"நான் பக்கத்தில நிண்டனான்."

"நிண்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பாய்." கோபமே இல்லாமல் சொன்னார். இருமல் வந்தது, பொறுத்துக்கொண்டு திரும்பச் சொன்னார்: "என்ர மனசு ஆறட்டும் எண்டு சொல்லுறாய். எனக்கு விளங்குது. ஆனா மௌத்தான மனிசன்ட தலையில போடாத. அது பாவம். அவர் என்ன மன்னிச்சவர்."

மாங்காயை எடுத்துத் திரும்பச் சீவத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்டுவிட்டுத் தலையைத் தடவிவிடுவார், அவ்வளவுதான். என் வாயால் வந்தால் இனி அது தம்பியின் ஆறுதல். சாட்சி இல்லை. சாட்சி சொல்ல வேண்டிய நாளில் நான் தூணோடு நின்றுவிட்டேன்.

அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவரை இதைவிடக் கெட்டவராக்க வேண்டாம், இருந்ததே போதும். என்னை இதைவிட நல்லவனாக்க வேண்டாம். ராத்தாவுக்காக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம், அவருக்கு அது தேவையில்லை. அவர் போடச் சொன்னார். ராத்தா கேட்டுவிட்டுத்தான் போட்டார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இந்த மூன்றும் இந்த வரிசையில், மாறாமல் போகட்டும். வாய் மாறி வாய் மாறிப் போய், என்னை யாரென்றே தெரியாத ஒருவர் ஒருநாள் அச்சாறு வாங்க வந்த இடத்தில் இதை இப்படியே ராத்தாவிடம் சொன்னால், அவர் நம்பக்கூடும்.